கணக்குப் புத்தகம் அவள் கையில் இருந்தது

குளுவாங், ஜொகூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை முழுதும் கேட்டேன். நடுவில் தொண்டை கம்மியதைச் சளி என்று சொல்லிச் சமாளித்தாய். நானும் நம்பிவிட்டதாக வைத்துக்கொள். உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணன் விடிவதற்குள் ஜொகூர் பாருவில் வந்து நின்று உன் பெட்டி படுக்கையைக் காரில் ஏற்றிவிடுவார்.

சேவை மையத்தைத் திறப்பதும் நீ, பூட்டுவதும் நீ. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வரும் பாட்டிக்குத் தேசியப் பதிவிலாகா பாரத்தை நிரப்புவதும், சமூகநல இலாகாவுக்கு மனு எழுதுவதும், சாக்கடை அடைப்புக்கு மாநகர் மன்றத்தோடு சண்டை போடுவதும் நீ. மாலை விழுவது மட்டும் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. கழுத்தில். கோயில் திருவிழாப் படத்தில் ஓரமாக நின்ற உன்னை வெட்டிவிட்டு ஃபேஸ்புக்கில் போட்டார்கள் என்றாய். “இதுக்குப் பேர் அரசியலா அத்தை, இல்லை குமாஸ்தா வேலையா?” என்று கேட்டாய்.

போனில் பதில் சொன்னால் குறுக்கே புகுந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றபின் எனக்குப் பிடித்த காரியம், யாரும் குறுக்கிடாமல் பேசுவது.

இந்த மாதம் முழுக்க ஒரு பெண்ணைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் ஸோன்யா ஷ்லேசின். 1888-இல் மாஸ்கோவில் பிறந்த யூதப் பெண். அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது, 1892-இல், குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்யப் பேரரசு மாஸ்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான யூதர்களை வெளியேற்றத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் ரஷ்யாவிலும் லித்துவேனியாவிலும் இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு யூதர்கள் அலை அலையாக வந்து இறங்கினார்கள். சின்னக் கடை வைத்தார்கள், தையல் வேலை செய்தார்கள், சிலர் தங்கச் சுரங்க நகரமான ஜோகன்னஸ்பர்க்கில் பெரும் பணக்காரர்களும் ஆனார்கள்.

யூதர் என்ற சொல்லை நம் ஊரில் டிவி செய்தியில்தான் கேட்கிறோம். கேட்டதும் மனசு பாலஸ்தீனத்துக்குப் போய்விடுகிறது. அது தனிக் கதை, அதில் நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நம்மைச் சுற்றியும் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பினாங்கில் ஜாலான் ஜைனல் ஆபிதீனில் பழைய யூதர் கல்லறை இன்னும் இருக்கிறது. அந்தச் சாலைக்கே முன்பு யூதர் சாலை என்றுதான் பெயர். பாலத்துக்கு அந்தப் பக்கம், நீ சனிக்கிழமைகளில் போகும் சிங்கப்பூரில், 1955-இல் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் பாக்தாத் யூதர் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஸோன்யாவின் கதை அவருடையதைவிட நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அவள் உழைத்தது பெரும்பாலும் தமிழர்களுக்காக.

1905-இல் ஜோகன்னஸ்பர்க்கில், ரிஸிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் கூடும் மூலையில், ஓர் இந்திய வழக்கறிஞரின் அலுவலகம். காந்திதான். அவரிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துப் பெண் கல்யாணமாகிப் போய்விட, வேறு ஆள் தேவைப்பட்டது. நண்பர் ஹெர்மன் கல்லன்பாக், அவரும் யூதர், கட்டடக் கலைஞர், ஸோன்யாவை அழைத்துவந்தார். அப்போது அவளுக்கு 17 வயது. அவர் சிபாரிசு செய்த விதம் இருக்கிறதே! கெட்டிக்காரி, நாணயமானவள், ஆனால் துடுக்கு அதிகம், வாய் நீளம், முடிந்தால் வைத்துச் சமாளித்துக்கொள் என்கிற ரீதியில் பேசியிருக்கிறார். காந்தியே எழுதி வைத்திருக்கிறார். அப்படி ஒரு சிபாரிசில் இன்றைக்கு யாராவது வேலை கொடுப்பார்களா? அவர் கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அலுவலகம் அவள் சொல்படி நடக்க ஆரம்பித்துவிட்டது. எதிரே இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாளாம். அதனால் அவருக்குச் சங்கடங்கள் வந்தன. வந்த வேகத்தில் போகவும் செய்தன என்கிறார்.

அவள் சேர்ந்த மறு ஆண்டே சட்டம் வந்தது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆசியரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும், எந்தப் போலீஸ்காரன் எங்கே கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும். 1906 செப்டம்பர் 11-ஆம் தேதி எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி, பணிய மாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். 1908 ஆகஸ்டில் ஹமீதியா மசூதி முன்னால் பெரிய கொப்பரையில் சான்றிதழ்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். இதெல்லாம் நம் பாடப்புத்தகத்தில்கூட ஒரு வரி வரும். அடையாளப் பத்திரம் இல்லாதவர்களின் கோப்புகளோடு நாள் முழுக்க மாரடிக்கிற உனக்கு அந்த வரியின் கனம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்.

புத்தகத்தில் வராதது அந்தச் சபதத்துக்குப் பின்னால் இருந்த காகிதக் கட்டு. சிறைக்குப் போனவர்கள் பட்டியல், அவர்கள் வீட்டுக்கு அரிசி பருப்பு போய்ச் சேர்ந்ததா என்ற கணக்கு, வரும் தந்தி, போகும் தந்தி, லண்டனுக்கும் சென்னைக்கும் எழுதும் கடிதங்கள், ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை வேலை, நன்கொடையில் ஒவ்வொரு காசுக்கும் வரவு செலவு. தலைவர்கள் மாறி மாறி உள்ளே போனார்கள். வெளியே இருந்து இத்தனையையும் தூக்கி நிறுத்தியவள் அந்தப் பெண். ஒரு கட்டத்தில் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சிறையில் இருந்தபோது இயக்கத்தை அவள் தனியாகவே நடத்தினாள் என்று காந்தி எழுதுகிறார்.

எங்கள் தோட்டத்தில், லாயாங்-லாயாங் பக்கம், துரைக்குப் பயப்படாதவர்கள்கூடக் கணக்கெழுதும் கிராணிக்குப் பயப்படுவார்கள். செக்ரோல் வருகைப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரே என்ன விழுகிறது என்பது கிராணியின் பேனாவில்தானே இருந்தது. இயக்கத்துக்கு ஸோன்யா அப்படியொரு கிராணி. ஒரே வித்தியாசம், அவள் பேனா கூலிக்காரன் பக்கம் எழுதியது. பட்டாணியர், குஜராத்தி வியாபாரிகள், ஒப்பந்தம் முடிந்து வந்த தமிழ்க் கூலிகள், எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு யோசனை கேட்பார்கள், சொன்னபடி செய்வார்கள். பாப்பா, உன் மேசைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு நிற்கும் வரிசையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

மேடையை அவள் தொடாமலும் இல்லை. 1908 ஜனவரியில், காந்தி முதல் முறை சிறை செல்வதற்குச் சற்று முன், இந்தியர் கூட்டத்துக்கு அவள் ஓர் உரை எழுதினாள். கூட்டத்தில் அதைப் படித்தவர் காந்தி. அதில் அவள் எடுத்த உதாரணம், லண்டனில் வாக்குரிமை கேட்டுச் சிறை சென்றுகொண்டிருந்த பெண்கள். ஆண்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில், உறுதி என்றால் என்ன என்பதை அந்தப் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற தொனி. எழுதியவளுக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை.

இரயிலில் அவள் போகும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிரான்ஸ்வாலில் வெள்ளைக்காரர் இந்தியரோடு ஒரே பெட்டியில் போகக் கூடாது. ஸோன்யா வேண்டுமென்றே இந்தியர்களின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி உட்காருவாள். கார்டு வந்து எழுந்திரு என்றால் மல்லுக்கு நிற்பாள். தன்னை எப்போதாவது பிடித்து உள்ளே போட மாட்டார்களா என்று அவளுக்கு ஆசை. பிடித்துவிடுவார்களோ என்று காந்திக்குப் பயம், பிடித்துப் போனால் அலுவலகம் நின்றுவிடுமே. இந்த இடத்தில் மனுஷன் கொஞ்சம் சுயநலமாகவும் யோசித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி 1909. நீ மூன்றாம் ஆண்டில் சட்டப் படிப்பை நிறுத்தினவள், அதனால் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படி.

நான்கு வருஷம் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிடந்தவளுக்குத் தானும் வழக்கறிஞராக வேண்டும் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? அந்தக் காலத்து வழி, ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தம் எழுதிப் பயிற்சி எழுத்தராகச் சேர்வது. காந்தி அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். டிரான்ஸ்வால் வழக்கறிஞர் சங்கம் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மறுத்தது. காரணம், அவள் பெண். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஷ்லேசின் எதிர் வழக்கறிஞர் சங்கம், 1909. தோற்றாள். அந்த வழக்கு இன்றைக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டத் தொகுப்பில் அவள் பெயரிலேயே இருக்கிறது. பெண்கள் வழக்கறிஞர்களாக அங்கே சட்டம் அனுமதித்தது 1923-இல். அதற்குள் அவளுக்கு 35 வயது.

நிறத்துக்காக இந்தியனையும் கறுப்பரையும் ஒதுக்கிய நாடு, வெள்ளைத் தோல் இருந்தும் பாவாடைக்காக அவளை ஒதுக்கியது. கோர்ட்டில் தோற்றுத் திரும்பி வந்து அவள் மறுபடியும் அதே மேசையில் உட்கார்ந்து அடுத்தவர்களுடைய மனுக்களைத் தட்டச்சு செய்தாளே, அந்த நாளைப் பற்றி யாரும் ஒரு பக்கம் எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் அதிலிருந்துதான் தொடங்கியிருப்பேன்.

அவள் டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்தில் தமிழ்ப் பெண்கள் நிறைய. அவர்கள் வீட்டு ஆண்கள் தம்பி நாயுடு தலைமையில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தியாக்கிரகத்தில் தமிழர் காட்டிய பிடிவாதத்தைக் காந்தி சொல்லிச் சொல்லி மாளாது. சிறையில் போப்பையரின் தமிழ் நூலை வைத்துக்கொண்டு நம் மொழி படிக்க முயன்றதும் அந்த மரியாதையில்தான். மொரிசியஸில் பிறந்த தம்பி நாயுடுவை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1913 மார்ச்சில் கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்துவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதிவாகாத கல்யாணம் செல்லாது. ஒரே நாளில் நம் பெண்கள் அத்தனை பேரும் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். அதோடு பக்கத்து நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகளின் தலையில் ஆண்டுக்கு 3 பவுன் வரி வேறு. புருஷனுக்கு 3, பெண்டாட்டிக்கு 3, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கும் 3. மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங் சம்பாதிக்கிறவன் எங்கே போவான்? மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஊருக்குப் போ என்பதுதான் வரியின் அர்த்தம்.

பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து பதினோரு பேர், பெரும்பாலும் தமிழர், சிலர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லையில் தங்களைக் கைது செய்யாததால் நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். லயம் லயமாக நடந்து, வரியை எடுக்கும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. 21-ஆம் தேதி பெண்களைப் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். நவம்பர் 6-ஆம் தேதி காந்தியோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். சில நாட்களுக்குள் காந்தி, கல்லன்பாக், இன்னொரு சகாவான போலக் மூவரும் சிறையில்.

வெளியே யார் மிச்சம்? அவள்தான். 25 வயது. வேலையை விட்டுவிட்டு வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுக்கு வேண்டிய சோறு, கோர்ட், ஜாமீன், தந்தி. கையில் அதே கணக்குப் புத்தகம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். காந்தி அவளைப் பற்றி எழுதும்போது, அவளுடைய திறமையும் செல்வாக்கும் தெரிந்திருந்தும் அரசாங்கம் அவளைக் கைது செய்யாமல் பெருந்தன்மை காட்டியது என்கிறார். பெருந்தன்மையாம். வெள்ளைக்கார ஆண்களான கல்லன்பாக்கையும் போலக்கையும் பிடித்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணைப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வள்ளியம்மையைப் பிடித்தார்கள். தில்லையாடி மங்களத்தின் மகள், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், 16 வயது நிறையாத பிள்ளை. சிறைக் காய்ச்சலோடு ஜனவரியில் வெளியே வந்தாள், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்துபோனாள். அவள் பிறந்த தேதியும் அதுவே என்கிறார்கள். மறு வருஷம் காந்தி தில்லையாடிக்குப் போய் நின்றார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு இன்று அவள் பெயர். சிறைக்குப் போக ஆசைப்பட்ட ஸோன்யாவுக்குக் கதவு திறக்கவில்லை, வள்ளியம்மைக்குத் திறந்த கதவு அவளைப் பிணமாக்கி அனுப்பியது. ஸோன்யாவின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்தக் கணக்கைச் சேர்த்துப் போடாமல் அவள் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நியூகாசிலுக்குப் போன பெண்களின் பட்டியலைக் காந்தி கொடுத்திருக்கிறார். பெரும்பாலோர் திருமதி இன்னார். புருஷன் பெயர் இருக்கிறது, அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு என்று போகிறது பட்டியல். உன் படத்தை ஃபேஸ்புக்கில் வெட்டியதற்கு நீ அழுதாய். நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டுப்பட்டுக் கிடப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் நம் பெரியம்மா சின்னம்மா சாயல்தான். நேட்டாலுக்குக் கப்பல் ஏறிய அதே தமிழ்க் கரையிலிருந்துதான் மலாயாவுக்கும் ஏறினோம். ஒப்பந்தக் கூலி முறை இங்கே 1910-இல் நின்றது, நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911-இல். அதற்கு முன்பே இருந்த கங்காணி முறைதான் அதன்பின் இங்கே ஓங்கியது.

நம் பக்கம் பெண்கள் அரசியலுக்குள் கூட்டமாக வந்தது 1943-இல், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில். தோட்டத்துப் பிள்ளைகள் பால் வாளியை வைத்துவிட்டுச் சிங்கப்பூர் முகாமுக்குப் போனார்கள். அவர்களில் வெகு சிலரின் பெயர்தான் நமக்குத் தெரியும். ஜானகி ஆதிநாகப்பன் 1946-இல் ம.இ.கா. கட்சி தொடங்கியபோது உடன் இருந்தார், பிற்பாடு செனட்டரானார். மற்றவர்கள் திரும்பி வந்து மறுபடி பெரட்டுக்களத்தில் நின்றார்கள்.

1912-இல் தென்னாப்பிரிக்கா வந்த கோகலே, காந்தியின் சகாக்களை ஒவ்வொருவராக எடைபோட்டுவிட்டு, தியாகத்திலும் தூய்மையிலும் அஞ்சாமையிலும் முதலிடம் ஷ்லேசினுக்கே என்றார். இந்தியாவின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவர், ஒரு குமாஸ்தா பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். உன் கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார் என்று நான் இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் முடிக்க மாட்டேன், ஏனென்றால் அந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

அவளுக்கு முதலில் மாதம் 6 பவுன். காந்தி வற்புறுத்தி 10 பவுனாக்கினார். அதற்கு மேல் ஒரு காசும் வாங்க மாட்டேன் என்றாள். சம்பளத்துக்காக வரவில்லை, உங்கள் இலட்சியம் பிடித்து வந்தேன் என்று அவரையே திட்டினாளாம். ஒருமுறை 40 பவுன் தேவைப்பட்டபோதும் கடனாகத்தான் வாங்கினாள், பல வருஷம் கழித்துத் திருப்பியும் கொடுத்தாள் என்று காந்தி சுயசரிதையில் எழுதுகிறார். படிக்கிறவர்கள் ஆஹா என்பார்கள். நானும் முதலில் ஆஹா என்றேன். பிறகு 1914-ஐ நினைத்தேன்.

அந்த ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி போனது, நம் கல்யாணங்கள் செல்லுபடியாயின. ஜூலை 18-ஆம் தேதி காந்தி கேப் டவுனில் கப்பலேறினார். அவர் போன இடத்தில் அவருக்கு ஒரு தேசம் காத்திருந்தது. இவளுக்கு 26 வயது. இயக்கம் முடிந்துவிட்டது, சட்டம் படிக்க வழியில்லை, கையில் சேமிப்பு என்று என்ன இருந்திருக்கும்? படித்துப் பட்டம் வாங்கினாள். குருகர்ஸ்டார்ப் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியையானாள். ஆயிரக்கணக்கானவர்களை வழிநடத்தியவள், பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு சொல்லிக் கொடுத்தாள். நானும் இலக்கணம் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள், ஆசிரியர் வேலையை நான் குறைவாகப் பேசுவேனா? அரசியலில் அவளுக்கு இடம் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரப் பெண்களுக்கே அங்கே வாக்குரிமை 1930-இல்தான். கறுப்பினப் பெண்களும் நம் பெண்களும் எல்லோரோடும் சமமாக வரிசையில் நின்று வாக்களித்தது 1994-இல். ஸோன்யா 1956-இல் இறந்தாள்.

தியாகம் செய்கிற பெண்ணைப் புகழ்வது எல்லா இயக்கத்துக்கும் சுலபம், பாப்பா. புகழ்ச்சிக்குச் செலவில்லை.

அதே நாட்டில் இன்னொரு யூதப் பெண் வேறு மாதிரிச் செய்தாள். ரே அலெக்சாண்டர். லாட்வியாவிலிருந்து 1929-இல், பதினைந்து வயதில், கேப் டவுனில் வந்து இறங்கினாள். வந்த சில நாட்களிலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டாள். 1941-இல் பழம், மீன் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைப் பெண்களைச் சேர்த்து உணவு, டப்பா தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினாள். எல்லா நிறத்தவரும் ஒரே சங்கத்தில். இவள் மற்றவர்களுக்காகக் கூலி உயர்வு கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள். 1954-இல் தேர்தலில் நின்று, ஆப்பிரிக்கர்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். உள்ளே போக விடவில்லை. கம்யூனிஸ்டுகள் உட்காரக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தி, வாசலிலேயே போலீசை வைத்து மறித்தார்கள். அதே ஆண்டு எல்லா இனப் பெண்களையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்கப் பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருத்தி. அதன் செயலாளரானதும் அரசாங்கம் தடை போட்டு அந்தப் பொறுப்பையும் பிடுங்கியது. 1956 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்தக் கூட்டமைப்பு சுமார் 20,000 பெண்களைப் பிரிட்டோரியாவுக்குத் திரட்டியது. முன்னால் நின்ற நால்வரில் ரஹிமா மூசா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணும் ஒருவர், ரேயின் டப்பா தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். ரே 1965-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1990-இல் திரும்பி, 2004-இல் இறந்தார். வாசலில் மறித்த அந்த நாடாளுமன்றத்தில் எல்லா நிறத்துப் பெண்களும் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு பேரில் யார் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீ கேட்கவும் மாட்டாய். ஆனால் ஸோன்யா செய்தது குமாஸ்தா வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், உன் வேலையை நீயே அப்படிச் சொன்னாலும் வரும். அந்தச் சிவப்பு அட்டைப் பாட்டியின் கோப்பு எந்த இலாகாவில் எந்த மேசையில் கிடக்கிறது என்பது உன் தொகுதியில் உனக்குத்தான் தெரியும். ஒய்.பி.க்குத் தெரியாது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் பெண் வேட்பாளர் தேடுவார்கள், எப்போதும் கடைசி நேரத்தில்தான் தேடுவார்கள். அப்போது நிற்பதா, வேறொருத்தியை நிறுத்தி அவளுக்குப் பின்னால் இருப்பதா என்பது உன் விருப்பம். நின்றால் நோட்டீஸ் கொடுக்க அத்தை வருவேன். முட்டி வலி இருக்கிறது, மாடிப்படி உள்ள அடுக்குமாடிகளை மட்டும் எனக்குத் தராதே.

அதற்கு முன்னால் சம்பளக் காரியத்தைப் பேசு. “சேவைதானே, கொடுப்பதை வாங்கிக்கிறேன்” என்று நீ சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்றே தோன்றியது. பத்துப் பவுனோடு நிறுத்திக்கொண்டவளின் கதையை இவ்வளவு நீளமாக எழுதியதும் அதனால்தான். திங்கட்கிழமை ஒய்.பி.யைத் தனியாகப் பார். தொகுதிக் கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம், அப்போது அவர் காதில் எதுவும் ஏறாது. எத்தனை மணிக்கு வருகிறாய், எத்தனைக்குப் போகிறாய், மாதம் எத்தனை கோப்பு முடிக்கிறாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பெட்ரோலுக்கு உன் கைக்காசு போகிறதே, அதற்குச் சீட்டு வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் இன்றிலிருந்து வை. இ.பி.எஃப். சேமநிதிக் கணக்கில் உன் பெயருக்கு ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாமாம், பக்கத்து வீட்டுப் பையன் எனக்குக் காட்டிக் கொடுத்தான். சொக்சோ காப்புறுதியும் கட்டுகிறார்களா என்று பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. குரல் பதிவு வேண்டாம், எழுது.

அன்புடன்,
உன் அத்தை